பகல் பன்னிரண்டு மணிக் கல்யாணி

சென்னையில் டிசம்பர் மாதம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சளி பிடித்துத் தொண்டையைக் கனைத்தால்கூடப் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், தோடியா?" என்று கேட்டுவிடுவார்.

மற்ற ஊர்களில் மார்கழி என்றால் கோலம், பனி, வெண்பொங்கல். சென்னையில் கூடவே சபா. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை, சின்னதும் பெரிசுமாக ஆயிரத்துக்கு மேல் கச்சேரி, நாட்டியம், பேச்சு. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் ரயில்வே டைம்டேபிளே தேவலை என்று தோன்றும். அங்கே ஒரு ரயிலைத் தவறவிட்டால் ஒன்றுதான் நஷ்டம். இங்கே ஒரு கச்சேரியைப் பிடித்தால் அதே நேரத்தில் நடக்கிற பத்துப் பன்னிரண்டு போய்விடும்!

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ஆரோகணம், அவரோகணம் என்றால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும் என்ற அளவில் தெரியும். ராகம் கண்டுபிடிக்க எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். முன் வரிசை மாமி பக்கத்து மாமியின் காதில் சொல்லும்வரை பொறுமையாக இருப்பது. இந்த ஞானத்தோடு போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை முழு நாளையும் சீசனுக்கே எழுதி வைத்தேன். வீட்டில், "காஸ் சிலிண்டர் வரும்" என்றார்கள். வரட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் இந்த டிசம்பர் சமாசாரம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். 1927-ல் காங்கிரஸ் மகாநாடு சென்னையில் கூடியது. அதோடு சேர்த்து ஒரு சங்கீத மகாநாடும் நடத்தினார்கள். அதில் பிறந்த யோசனைதான் மியூசிக் அகாடமி, 1928-ல் தொடங்கினார்கள். அந்தக் காலத்து சபாக்களில் வக்கீல்கள் ஜாஸ்தி. டிசம்பர் கடைசியில் கோர்ட்டுக்கு லீவு, ஆபீஸுக்கு லீவு, வெயிலுக்கும் லீவு. வேறென்ன வேண்டும்? ஒன்றைப் பார்த்து ஒன்றாக சபாக்கள் முளைத்தன. 1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. "தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக மட்டும்தானா?" என்று அன்றைக்குப் பத்திரிகைகளில் நடந்த சண்டையை இப்போது படித்தாலும் சூடு ஆறவில்லை. 2017-ல் யுனெஸ்கோ, இசைக்கான படைப்பு நகரங்கள் பட்டியலில் சென்னையைச் சேர்த்தது. 2020-ல் கொரோனா வந்தபோது அரங்குகள் பூட்டிக் கிடந்தன, கச்சேரி எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. கேன்டீன் மட்டும் செல்போனுக்குள் வர மறுத்துவிட்டது. அந்த வருஷம் ரசிகர்கள் நிஜமாகவே வாடிப் போனார்கள்.

சரி, விடியற்காலைக்கு வருவோம்.

மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை. மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது, செயலாளர் கிடையாது. ஒருத்தர் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் பெரியவர்கள், அவர்கள் பின்னால் தூக்கக் கலக்கத்தில் குல்லா போட்ட குழந்தைகள். பாபநாசம் சிவன் வருஷக்கணக்காக இதே வீதிகளில் மார்கழி பஜனை நடத்தியவர். பெண்மணிகள் கோலம் போட்டுக்கொண்டே கூடப் பாடுகிறார்கள். கோலமும் தப்பவில்லை, தாளமும் தப்பவில்லை. முடிவில் தொன்னையில் சுடச்சுடப் பொங்கல். செலவு பூஜ்யம். அன்றைய தினம் எனக்கு முழு லாபம் வந்த இடம் இதுதான்.

எட்டு மணிக்கு அகாடமியில் லெக்-டெம். பாதிப் பேச்சு, பாதிப் பாட்டு. சபையில் பாதிப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். ஒரே ஒரு காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு பெரியவர் எழுந்து நின்று கேட்ட கேள்வி, பதிலைவிட நீளமாக இருந்தது. எனக்குப் புரிந்த மட்டில், அது நிறையவே அசையலாம். வெளியே சாயங்கால டிக்கெட்டுக்காக விடிகாலையிலிருந்து நின்றவர்கள், டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். முதல் நாள் முதல் ஷோ வாங்கிய முகம் எந்தத் தியேட்டர் வாசலிலும் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது கேன்டீன். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகத்தான் எழுத வேண்டும்.

கேன்டீனுக்கு வருகிறவர்களை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம். கச்சேரி கேட்டுவிட்டுச் சாப்பிட வருகிறவர்கள். சாப்பிட்டுவிட்டுக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள். மூன்றாவது, அரங்கத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்கள். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்த மூன்றாவது பிரிவுக்கு ஆயுள் சந்தாதாரர். பல்லாவரத்திலிருந்து ரயிலேறி வந்து, அடை அவியல், ரவா தோசை, ஒரு டிகிரி காபி, எல்லாம் முடித்துவிட்டு, "இந்த வருஷம் சீசன் கொஞ்சம் சுமார்தான்" என்று விமர்சனமும் சொல்லிவிட்டுப் போவார். "எந்தக் கச்சேரி?" என்றால், "சாம்பாரைச் சொல்றேன் சார்" என்பார்.

ஆனால் சீசனின் நிஜமான விமர்சனம் எழுதப்படுகிற இடமும் இதுதான். "நேத்து பைரவி கேட்டேளா?" என்று ஒரு டேபிளில் ஆரம்பிக்கும். காபி வருவதற்குள் அந்த வித்வானுடைய சாரீரம், அவருடைய குரு, குருவின் குரு, அவர் போன வருஷம் வாங்கிய கார், எல்லாம் அலசப்பட்டுவிடும். காபி முடிவதற்குள் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கு எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெரியவர்கள், ஒரே பாடகியைப் பற்றி ஒருவர் "வேகம் போதாது", மற்றவர் "வேகம் ஜாஸ்தி" என்று வாதாடி, கடைசியில் வடை கொஞ்சம் கெட்டி என்ற விஷயத்தில் ஒற்றுமைப்பட்டார்கள்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் வந்தது. "தம்பி, எங்க இருக்கீங்க? நம்ம பொண்ணு பன்னண்டு மணிக்கு. வந்துருங்க."

பேசியவர் என் முதல் ஆபீஸில் சீனியர் அக்கவுண்டன்ட். எனக்கு பேங்க் ரிகன்சிலியேஷன் சொல்லிக் கொடுத்த மகானுபாவர். ரிட்டையர் ஆகிவிட்டார். பூர்விகம் தஞ்சாவூர் ஜில்லா. அவருடைய அப்பா கோயில் நாகஸ்வரக்காரர். மகள் ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆறு வயசிலிருந்து பாட்டு. சபா பெயர் வேண்டாம். ஊரில் இப்படி நிறைய இருக்கின்றன.

பகல் பன்னிரண்டு மணி என்பது சீசனில் ஒரு தனி உலகம். ஆபீஸில் டிரெய்னி, ஜூனியர், சீனியர் என்று இருக்கிற மாதிரி சபாவிலும் மாடிப்படி உண்டு. பன்னிரண்டு மணி முதல் படி. இரண்டு மணி அடுத்தது. நாலு மணிக்கு வந்துவிட்டால் ஊருக்குப் பேர் தெரியும். ஆறரை, ஏழு மணி என்றால் நட்சத்திரம். பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம். யாரும் வரலாம் என்பதாலோ என்னவோ, யாரும் வருவதில்லை.

உள்ளே தலைகளை எண்ணினேன். பழக்க தோஷம். மொத்தம் பதினாலு. அதில் உறவினர்கள் ஐந்து, பெண்ணின் ஆபீஸ் சிநேகிதிகள் மூன்று, ஏ.சி.க்காக வந்து தூங்கியவர் ஒருவர், சாப்பாட்டு டோக்கன் வாங்கிவிட்டு நம்பர் கூப்பிடக் காத்திருந்தவர்கள் இரண்டு, அடுத்த கச்சேரிப் பையனின் அம்மா, முன் வரிசை ஓரத்தில் ஒரு தாத்தா, அப்புறம் நான்.

மைக் சரியாக இருபது நிமிஷம். "ஹலோ, செக்... செக்" என்று ஒரு ஆள் சொல்லிக்கொண்டே இருந்தார். பி.காம். காதுக்கு அந்த வார்த்தை இனிமைதான் என்றாலும், அந்த இருபது நிமிஷமும் பெண்ணின் ஒன்றரை மணி நேரத்திலிருந்து போகிறது என்று சார் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்த நேரத்தில் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பழைய ஆபீஸ் பழக்கம், கோடு போட்டு எழுதியிருந்தார். வயலின் 5,000. மிருதங்கம் 4,000. கடம் 3,500. வீடியோ எடுக்க 6,000. டாக்சி 1,100. ஆக மொத்தம் 19,600. எதிர்ப் பக்கத்தில் ஒரே வரி: சபா கவர் 2,500. பற்றாக்குறை 17,100.

"புடவையைச் சேர்க்கலை தம்பி, அது அவ அம்மா கணக்கு" என்றார்.

பக்கவாத்தியக்காரர்களுக்குப் பாடுகிறவரே கொடுப்பது இந்தப் படியில் சகஜம். அவர்கள் மட்டும் என்ன, பஸ் ஏறி வருகிற இளைஞர்கள்தானே? போன வருஷம் வேறொரு சபாவில், "ஒரு ஸ்பான்சரைப் பிடிச்சுக் குடுங்க, நல்ல நேரமாத் தர்றோம்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். இவர் சிரிக்காமல் வந்துவிட்டார்.

கணக்குப் படித்தவன் என்ற முறையில் சபாக்காரர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். ஹால் வாடகை, கரண்ட், ஏ.சி., ஆள் சம்பளம் எல்லாம் பதினாலு பேருக்கும் ஒன்றுதான், ஆயிரம் பேருக்கும் ஒன்றுதான். சாயங்கால டிக்கெட்டும் மேடைக்குப் பின்னால் தொங்குகிற பேங்க், நகைக்கடை, ஊறுகாய் விளம்பரமும்தான் பகல் கச்சேரியைத் தாங்குகின்றன. வாஸ்தவம். ஆனால் சாயங்கால நட்சத்திரங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் இந்தப் பகல் நாற்காலிகளைப் பார்த்துப் பாடி வந்தவர்கள்தான். முதல் போடாமல் லாபம் எடுக்கிற வியாபாரம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்த முதலை இப்போது பெண்ணைப் பெற்றவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு ஏன், பெற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கடலோரத்தில் ஒரு ஃப்ளாட்டும் இல்லாத வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தால் அது எந்தப் படியில் ஏறும்? 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்கள் வீட்டு வாசலிலேயே மேடை போட்டு விழா எடுத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த இடத்து மைக்கும் நாற்காலியும் நியாயமாகத்தான் பட்டது.

"மூணு வருஷம் பாப்போம்னு சொல்லியிருந்தேன். இது மூணாவது வருஷம்" என்றார் சார், நோட்டை மூடி.

பன்னிரண்டு இருபதுக்கு ஆரம்பித்தது. வர்ணம், ஒரு சின்னக் கிருதி, அப்புறம் கல்யாணி. மாமிகள் இல்லாததால் ராகத்தின் பெயரை சார்தான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பெரிய குரல் இல்லை. ஆனால் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியாக மேலே போய், மேல் ஷட்ஜத்தில் நின்றபோது தூங்கிக்கொண்டிருந்த ஏ.சி. ரசிகர் கண்ணைத் திறந்தார். அதைவிடப் பெரிய விருது இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வயலின் பதில் சொல்லி முடித்துக் கிருதி ஆரம்பித்தபோது மணி ஒன்று ஐந்து. ஒன்றேகாலுக்கு மேடை ஓரத்தில் செயலாளர் வந்து நின்றார். மணிக்கட்டைத் தூக்கி வாட்சைத் தட்டிக் காட்டினார். ஒன்றே முக்காலுக்கு அடுத்த கச்சேரி, அதற்குள் மேடை மாற்ற வேண்டும். அவர் விரலால் மிருதங்கத்தைக் காட்டி, கையை விரித்து ஆட்டினார். தனி ஆவர்த்தனம் வேண்டாம் என்று அர்த்தம்.

மிருதங்கப் பையனுக்கு இருபது வயசிருந்தால் அதிகம். அவனும் பார்த்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான். ஒன்றரை மணி நேரமும் அடுத்தவர் பாட்டுக்கு அனுசரித்து வாசிக்கிறவனுக்குத் தனதென்று கிடைக்கிற நேரம் அந்தத் தனி ஒன்றுதான். கடம் வாசித்தவனுக்கும் அதேதான்.

பாடகிக்கு நிரவல் பாக்கி, ஸ்வரம் பாக்கி. வீடியோவில் எல்லாரும் தேடிப் பார்ப்பது அதைத்தான். இரண்டு மணிப் படிக்குச் சிபாரிசு ஆவதும் அதனால்தான். சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அந்தப் பெண் நிரவலை விட்டாள். ஸ்வரம் இரண்டே சுற்று. முடித்துவிட்டு மிருதங்கத்தின் பக்கம் திரும்பிப் புன்னகையோடு கையை நீட்டினாள். 'வாசி!'

செயலாளரை யாரும் பார்க்கவில்லை. பையன் வாசித்தான் சார், எட்டு நிமிஷம்! கடத்தோடு மாற்றி மாற்றி, கேள்வி பதில் மாதிரி. பாடகி தாளம் போட்டாள். முன் வரிசைத் தாத்தா போட்டார். ஆபீஸ் சிநேகிதிகள் போட்டார்கள். தப்பும் தவறுமாக நானும் போட்டேன். இடையில் வெளியே சாப்பாட்டு நம்பர் கூப்பிட்டார்கள். டோக்கன் ஆசாமிகளில் ஒருவர் எழுந்து வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். சங்கீத உலகில் தனி ஆவர்த்தனத்துக்குக் காபி குடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மங்களம் பாடும்போதே திரை பாதி இறங்கிவிட்டது.

தாத்தா மெதுவாக வந்து பெண்ணிடம், "நான் பகல் கச்சேரி மட்டும்தாம்மா வருவேன். நிரவலை விட்டதுக்கு நான் கோச்சுக்கணும். கோச்சுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். சார் ஒன்றும் பேசவில்லை. நோட்டைப் பைக்குள் வைக்கப் போனவரிடமிருந்து மகள் அதை வாங்கிக்கொண்டாள். "அடுத்த வருஷத்துலேர்ந்து என் சம்பளத்துல எழுதிக்கறேம்ப்பா."

"ஃப்ளாட் லோனு?" என்றார்.

"அது பாட்டுக்கு அது."

வெளியே வரும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "எங்கப்பா ராத்திரி சாமி புறப்பாட்டுல வாசிப்பாரு. தெருவே நிக்கும். இங்க பதினாலு பேரு உக்காந்திருக்காங்க. எது பெருசுன்னு தெரியலை தம்பி." சபாக்களில் நாகஸ்வரத்துக்குப் பெரும்பாலும் திறப்பு விழாவில் மங்கள இசை மட்டும்தான். விருந்தினர்களுக்கு நாற்காலி போடுகிற சத்தமும் சேர்ந்து கேட்கும். ஊர் ஊராக நாலு மணி நேரம் ராகம் வாசித்த வாத்தியம் அது.

சாயங்காலம் தி.நகர்ப் பக்கம் ஒரு பரதநாட்டியம் பார்த்தேன். கணக்கைப் பற்றி நாட்டியக்காரர்கள் வீட்டில் பேச்செடுத்தால் பாட்டுக்காரர்கள் எவ்வளவோ தேவலை. மேக்கப், உடை, நகை, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கல்யாணம். ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. 1931-ல் ஈ. கிருஷ்ணய்யர் முயற்சியில் மியூசிக் அகாடமி, திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் புதல்விகள் ராஜலட்சுமி, ஜீவரத்னம் இருவரையும் ஆட வைத்தது. சதிர் என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்த ஆட்டத்துக்கு அது பெரிய துணிச்சல். முதல் தடவை கூட்டம் சுமார். 1933-ல் மறுபடி மேடை ஏற்றியபோது ஜனம் வந்தது. அந்தக் கலை வளர்ந்து உலகமெல்லாம் போய்விட்டது. அதைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களின் பெண்கள்தான் மேடையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். இதை நாட்டியத்துக்கு நடுவில் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பதத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை.

ஏழு மணி நட்சத்திரக் கச்சேரி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஹவுஸ் ஃபுல். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த உறவினர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ராகம் கண்டுபிடித்துக் காட்டும் மாமாக்கள், மாமிகள். குரல் என்றால் குரல், சந்தேகமே இல்லை. அந்தச் சங்கராபரணம் இரண்டு நாள் காதில் இருந்தது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வழக்கம் போல வரிசை வரிசையாக எழுந்தார்கள். மிருதங்கக்காரர் பெரிய வித்வான். பழக்கப்பட்டவர், மேலே பார்த்துக்கொண்டே வாசித்தார். என் பக்கத்து சீட்டுக்காரர், "வாங்க சார், கூட்டம் வர்றதுக்குள்ள காபி சாப்ட்டு வந்துடலாம்" என்று என்னையும் கூப்பிட்டார்.

"நீங்க போங்க சார். நான் வரலை" என்றேன்.

அன்றைய என் கணக்கு: ஆட்டோ 380, டிபன், சாப்பாடு, மூன்று காபி சேர்த்து 720, சாயங்கால டிக்கெட் 500. வரவில் தொன்னைப் பொங்கல் ஒன்று. வீட்டில் காஸ் சிலிண்டர் வந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து சார் அந்த வீடியோவை அனுப்பி வைத்தார். கல்யாணியிலிருந்து தனிவரை தனியாக வெட்டி யூட்யூபில் போட்டிருக்கிறார்கள். நான் முதலில் திறந்தபோது 37 பேர் பார்த்திருந்தார்கள். நேற்றுப் பார்த்தேன், 1,146. அதில் ஆறு தடவை நான்.